பேன் அறை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மூளை கலங்கிய விசர்ப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது, நானும் எல்லாரோடும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த அறைக்குப் பொறுப்பாக வரப்போகிறவர் என்னுடைய குஞ்சம்மா என்பது அடுத்த பாடவேளையில்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. மற்றவர்கள் முன்னையைவிடக் கூடச் சிரித்தார்கள்.

குஞ்சம்மா என் அம்மாவின் தங்கை. புங்குடுதீவில் மடத்துவெளிப் பக்கம் எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தார். தையல் அவருக்குப் பிடிக்கும், பேச்சு பிடிக்காது. ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் மறுமொழி சொல்ல முடியுமென்றால் இரண்டாவது சொல்லை வீணாக்க மாட்டார். அப்படிப்பட்டவரைப் பிள்ளைகளோடு கதைக்கிற வேலைக்குத் தெரிந்தெடுத்த கதை இதுதான். சமாதானம் வந்திருந்த காலம் அது. பாதைகள் திறந்து, எல்லாவற்றுக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்க ஓர் உளவளத்துணை ஆசிரியர் கட்டாயம் வேண்டுமென்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதிபர் கூட்டம் வைத்து, யார் போகிறீர்கள் என்று கேட்டார். இருந்த எல்லாருக்கும் போக முடியாத காரணம் ஒன்று இருந்தது. குஞ்சம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், கூட்டத்துக்கு வரவில்லை. ஆகவே அவரையே ஏகமனதாகத் தெரிந்தெடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பயிற்சி முடித்துக்கொண்டு ஒரு சான்றிதழோடும் ஒரு துணிப்பையோடும் வந்து இறங்கியவரை அப்பா படலையிலேயே மறித்துவிட்டார்.

“மச்சாள், எங்கடை மண்டையையும் ஒருக்கால் திறந்து பாருங்கோவன்.”

“வரிசையிலை வாருங்கோ அத்தான்” என்றுவிட்டுக் குஞ்சம்மா கிணற்றடிக்குக் கால் கழுவப் போய்விட்டார்.

நூலகத்துக்கும் விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கிற அறைக்கும் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டார். நடுவில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் மண்கூசாவில் தண்ணீர், சுவரில் ஒரு சூரியகாந்திப் படம். பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கதைக்க வேண்டும், குறுக்கே பேசக்கூடாது, கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். பின்னவை இரண்டுக்கும் குஞ்சம்மாவை யாழ்ப்பாணம் வரை அனுப்பியிருக்கவே தேவையில்லை.

அறை தயாராக இருந்தது, ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? முற்றத்தின் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் கதவு தெரியும். இடைவேளைக்கு ஒரு பிள்ளை உள்ளே போனால், பள்ளி விடுவதற்கு முதல் அதன் தாய்க்குக் கிணற்றடியில் வைத்து யாராவது சொல்லிவிடுவார்கள். ஒருநாள் பந்து உருண்டு உள்ளே போய்விட்டதென்று ஒரு பெடியன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். பாவம், அந்தத் தவணை முழுக்க அவனுக்கு விசரன் என்றே பெயர். குஞ்சம்மா அந்த இரண்டு கதிரைகளில் ஒன்றில் இருந்து, மற்றதைப் பார்த்தபடி யாருக்கோ சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த அறையைப்பற்றி வெட்கம் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அங்கே போகவேண்டிய பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள் என்பது தெரியும். என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் தகப்பன் கடலுக்குப் போய் வரவேயில்லை. இன்னொருத்திக்குத் தாயும் தகப்பனும் வெளிநாட்டில், அவள் பெரியதாய் வீட்டில் வளர்ந்தாள். பின்வாங்கில் இருந்தவளின் அண்ணாவைப்பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ அப்பா, அம்மா, சோறு, கிணற்றில் நல்ல தண்ணீர், எல்லாம் இருந்தன. என்னுடைய கவலை அந்தப் பிள்ளைகளின் கவலைகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவே கூசும். ஆனால் இருந்தது.

நான் தாம்போதி தாண்டப் பயந்தேன்.

புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நடுவே கடலுக்குள்ளால் போகிற நீண்ட தெருவைத்தான் தாம்போதி என்கிறோம். இரண்டு பக்கமும் தண்ணீர், தடுப்பென்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லாரும் அதில் போய்வருகிறார்கள், பஸ் போகிறது, பாண்காரன் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறான். நான் மட்டும் போக மாட்டேன். போகவேண்டிய நாளில் எனக்கு வயிற்றுக்குத்து வரும். நடிப்பில்லை, உண்மையாகவே குத்தும். பஸ் வேலணை போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்துக்குத் தானாக நின்றுவிடும்.

இதில் கெட்டுப்போனது வலைப்பந்தாட்டம். நான் வயதுக்கு மீறி உயர்ந்தவள், பந்தை வளையத்துக்குள் போடுகிற வேலை என்னுடையது. எங்கள் முற்றத்தில் நடந்த போட்டிகளில் என்னை ஒருவரும் மறிக்க முடியவில்லை. வேலணையில் போட்டி என்றால் வயிற்றுக்குத்து. இரண்டு தரம் இப்படி நடந்ததும் எங்கள் அணித்தலைவி என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். எனக்குப் பெருமை பிடித்துவிட்டதாம். கோட்டமட்டப் போட்டி வந்துகொண்டிருந்தது, அதுவும் வேலணையில். விளையாட்டு ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்த முறையும் இப்பிடியெண்டால் உம்மை இனி எடுக்கேலாது, விளங்குதோ?” என்றார். எனக்கு அந்த வளையமும் பந்தும்தான் உலகத்திலேயே நான் உருப்படியாகச் செய்கிற ஒரே காரியம். ஓம் சேர் என்று சொல்லிவிட்டுப் பின்வளவு வேம்புக்குக் கீழே போய் நின்று அழுதேன்.

பயம் வந்தது அப்பாவின் கதையால். நாங்கள் இடம்பெயர்ந்து பல வருடம் வெளியில் இருந்துவிட்டுத் தீவுக்குத் திரும்பி வந்த காலம், எனக்கு ஆறு வயது. அப்பா பழையபடி கடையைத் திறந்திருந்தார். வேலணையில் ஒரு சீனி மூட்டை கிடைத்தது. அந்த நாளில் சீனி மூட்டை கிடைப்பதென்றால் லேசான காரியமில்லை. மூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டி, என்னை முன்னால் பாரில் இருத்திக்கொண்டு தாம்போதியில் வந்தார். சோளகக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. சைக்கிள், மூட்டை, அப்பா, நான், எல்லாரும் கடலுக்குள்.

இதை அப்பா சொல்கிறபோது கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி வந்து, அதில் சீனி காணாது என்று ஒருவர் சொன்னால் போதும், கதை தொடங்கிவிடும். கதிரையை விட்டு எழும்பி, காற்றாகவும் சைக்கிளாகவும் மூட்டையாகவும் மாறி மாறி நடித்துக் காட்டுவார். அன்றைக்குப் புங்குடுதீவுக் கடல் இனித்ததாம், மீனெல்லாம் தேத்தண்ணி கேட்டதாம். தண்ணீர் அவருக்குத் தொடையளவுதானாம். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளை ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம். நான் என்ன செய்தனான் தெரியுமோ? முதல் மூட்டையைத் தூக்கினன்!” என்பார். வீடு அதிரச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத் தொடங்குகிற இடத்தில் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். எனக்கு வெட்கமாம் என்று சொல்லி அதற்கும் ஒருதரம் சிரிப்பார்கள்.

எனக்கு ஞாபகம் இருந்தது வேறு. கடலுக்குள் இருட்டாக இருந்தது. கடல் என் நெஞ்சில் ஏறி இருந்ததுபோலப் பாரமாக இருந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. கண்ணைத் திறந்தபோது அப்பா வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு கையிலும் சீனி மூட்டை.

இதை யாரிடம் சொல்வது? என்னில் உயிரையே வைத்திருந்த அப்பா. கடையில் புது இனிப்பு வந்தால் முதல் எனக்குத்தான் தருவார். அவரைப்பற்றி இப்படி ஒரு நினைப்பை வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் பேன் வந்தது.

ஒரு திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் எங்கள் அணித்தலைவியின் வெள்ளைக் கழுத்துப்பட்டியில் ஒரு கொழுத்த பேன் நிதானமாக நடந்துபோனதை அதிபர் மேடையில் நின்றபடி கண்டுவிட்டார். தேவாரம் முடியுமட்டும் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு பள்ளிக்கூடம் முழுக்கப் பேன் பார்க்க வேண்டும் என்றார். யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று ஆசிரியர்கள் ஆளையாள் பார்த்தபோது குஞ்சம்மா, “என்ரை அறை சும்மாதானே கிடக்கு” என்றாராம்.

எதிரெதிரே இருந்த கதிரைகளில் ஒன்று வெளியே போனது. அதன் இடத்தில் ஒரு குட்டை வாங்கு வந்தது. குஞ்சம்மா கதிரையில் இருப்பார். பிள்ளை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கில் இருக்கும், முன்னால் யன்னல். யன்னலுக்கு வெளியே பனை வடலிகளும் அதற்கு அப்பால் ஒரு கோடு கடலும். அறைக்கதவைச் சாத்திவிட்டு, மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பேன்சீப்பை எடுத்துத் தலையைக் குனியச் சொல்வார். அவ்வளவுதான். வகுப்பு வகுப்பாக எல்லாருக்கும் முறை வந்ததால் ஒருத்திக்கும் வெட்கமில்லை. பேன் இல்லாத வீடு தீவில் எங்கே இருக்கிறது?

சில கிழமைகளில் முறை இல்லாதவர்களும் அந்தக் கதவடியில் நிற்கத் தொடங்கினார்கள். “ரீச்சர், கடிக்குது” என்பார்கள். உள்ளே போனவள் சிலவேளை ஒரு பாடவேளை முழுக்க வரமாட்டாள். சிலர் கண் சிவந்து வெளியே வருவார்கள். கேட்டால் சீப்பு இழுத்து நொந்துபோச்சு என்பார்கள். வேறொருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பேன்சீப்பு நோகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பெடியளின் தலையில் சீப்பு ஓட ஒன்றும் இல்லாததால் அவர்களுக்கு நகம் பார்க்கிற நாள் என்று ஒன்று வைத்தார். பெரிய வகுப்புப் பெடியங்கள் கூடச் சின்னப் பிள்ளைகள்போலக் கையை நீட்டிக்கொண்டு இருப்பதைக் கதவு இடுக்கால் கண்டிருக்கிறேன். விசர் அறை என்ற பெயரை எல்லாரும் மறந்துபோனார்கள். அது பேன் அறை ஆகிவிட்டது.

மேலிடத்திலிருந்து ஒருநாள் ஒரு அதிகாரி பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் ஒரு குனிந்த தலையையும் ஒரு சீப்பையும் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“இது பயிற்சியிலை சொல்லித் தந்ததோ ரீச்சர்?”

“இல்லைச் சேர்.”

“பின்னை?”

“பிள்ளையள் வந்தாப் பிறகு என்ன செய்யிறதெண்டு சொல்லித் தந்தவை. வரப்பண்ணுறது எப்பிடியெண்டு சொல்லித் தரேல்லை.”

குஞ்சம்மா அந்த வருடம் பேசிய ஆக நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு போனார். வாகனத்தில் ஏறும்வரை தலையைச் சொறிந்துகொண்டே போனார் என்று வாசலில் நின்ற பிள்ளைகள் சொன்னார்கள்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஊரின் இரகசியமெல்லாம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வந்து குவிகிறது, இந்தப் பக்கம் ஒரு துளி வடியவில்லை. பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் மெல்லத் தொடங்குவார்.

“கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு அழுதுகொண்டு வந்ததாம். என்னவாம்?”

“பேன், அக்கா.”

“அதிபரின்ரை மருமேள்?”

“அவளுக்கும் பேன்.”

“பேனுக்கு ஆரடி அழுறது?”

“கூடக் கடிச்சால் அழத்தானே வேணும்” என்று குஞ்சம்மா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

என் முறை வந்தது. எனக்குப் பேன் கிடையாது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்து முழுகவார்த்து, என் தலையை ஊருக்கே காட்டக்கூடிய தலையாக வைத்திருந்தார். ஆகவே சும்மா போய்விட்டு வரலாமென்று வாங்கில் இருந்தேன். சீப்பு இரண்டு முறை ஓடியது. பின்னால் “டிக்” என்று ஒரு சத்தம். பெருவிரல் நகம் இரண்டையும் சேர்த்து நசுக்குகிற சத்தம்.

“ஆப்பிட்டிட்டுது” என்றார் குஞ்சம்மா.

நான் செத்துப்போனேன். இன்னொரு டிக். ஈரும் இருக்கிறதாம். இனிச் செவ்வாய்க்குச் செவ்வாய் வரவேண்டுமாம்.

அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வளவில் நடந்த சண்டையை நான் இங்கே முழுக்க எழுதப்போவதில்லை. “என்ரை பிள்ளையின்ரை தலையிலையோ? என்ரை பிள்ளையின்ரை தலையிலையோ?” என்று அம்மா கிணற்றைச் சுற்றி வந்தார். என்னை முற்றத்தில் வெயிலுக்குள் இருத்தி, வெள்ளைத் துணி விரித்து, தோல் உரியுமளவுக்கு வாரினார். துணியில் ஒன்றும் விழவில்லை. பார்த்தாயோ, பார்த்தாயோ என்று துணியை உதறி உதறிக் காட்டினார். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றுகிற காலம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். டிக் என்ற சத்தத்தை என் காதாலேயே கேட்டிருந்தேனே. அதோடு அதுவரை கடிக்காத தலை அன்றிலிருந்து கடிக்கவும் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகும் சண்டை ஓரிரண்டு நாள் நீண்டது. பிறகு ஒருநாள் கிணற்றடியில் அக்காவும் தங்கையும் வெகுநேரம் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். வந்த அம்மா என்னைப் பார்த்து, “ஓம், பேன்தான். செவ்வாய்க்கிழமை மறக்காமல் போ” என்றார். அம்மா தோற்று நான் அதற்கு முதல் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமைகள் போயின. குஞ்சம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கவும் மாட்டேன். சீப்பு ஓடும், இடைக்கிடை டிக். விரல்கள் வகிடு எடுத்து எடுத்து மேயும். அந்தச் சுகத்துக்கே கண் செருகும். யன்னலுக்கு வெளியே அந்தக் கோடு கடல் கிடக்கும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் இருந்துகொண்டு, ஒருநாள் நான் கடலைப் பார்த்துக் கேட்டேன்.

“குஞ்சம்மா, தாம்போதியிலையிருந்து பஸ் விழுந்திருக்கோ?”

பள்ளிக்கூடத்துக்குள் ரீச்சர் என்று சொல்லாவிட்டால் உடனே திருத்துகிறவர், அன்றைக்குத் திருத்தவில்லை.

“நான் அறிய இல்லை. ஏன்?”

பிறகு எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. வயிற்றுக்குத்தைச் சொன்னேன், பந்தைச் சொன்னேன். கடைசியில் மூட்டையையும் சொல்லிவிட்டேன். அப்பா முதல் என்னைத் தூக்கவில்லை, சீனியைத்தான் தூக்கினார், நான் கண்டேன் என்று சொல்லி அழுதேன். சீப்பு நிற்கவேயில்லை.

“தண்ணிக்குள்ளை எப்பிடி இருந்தது?”

“இருட்டு. நெஞ்சிலை ஏறி அமத்தினது.”

“என்ன நேரம் அது?”

“மத்தியானம்.”

“மத்தியானத்திலை ஏன் இருட்டு?”

“கடலுக்கை இருட்டுத்தானே!” எனக்குக் கோபம் வந்தது. இதுகூடத் தெரியாதா இவருக்கு?

டிக்.

“கொப்பா அந்தக் கதை சொல்லேக்கை நீ எங்கை இருப்பாய்?”

“குசினிக்கை.”

“ஒரு நாளைக்கு முடியுமட்டும் இருந்து கேள்.”

எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது. இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்ச நேரம் இருந்து கேள் என்கிறார். பெரியவர்கள் எல்லாரும் ஒரு கட்சி என்று நினைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்தேன். சிறிது நேரம் கழித்து, “நான் கொப்பாவோடை ஒரு சொல்லுக் கதைக்கட்டோ?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்றார். அந்தச் சரியை அவர் மீறவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அப்பா கதை சொல்வதை விடவேயில்லை.

போட்டி நாள் விடிந்தபோது வயிற்றுக்குத்தும் கூடவே எழும்பியது. அம்மா இஞ்சித் தண்ணீர் தந்துவிட்டுப் என் தலையை இழுத்துப் பின்னினார். வீட்டில் நில் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. படலையில் குஞ்சம்மா கைப்பையோடு நின்றார். அணியோடு கூடப்போகிற ஆசிரியை அன்றைக்கு அவர்தானாம்.

“வயித்துக்குத்தோ?”

“ஓம்.”

“சரி. பேன்சீப்பு எடுத்து வைச்சிருக்கிறன்” என்றார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட எனக்குச் சக்தியிருக்கவில்லை.

மினிபஸ் மடத்துவெளியைக் கடந்து திரும்பியதும் கடல் வாசம் வந்தது. இறங்கப்போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்த அந்தக் கணத்தில் குஞ்சம்மா, பஸ் முழுக்கக் கேட்கக்கூடியதாக, “இஞ்சை வா. உன்ரை தலையிலை ஓடுறது இஞ்சையிருந்தே தெரியுது” என்றார்.

என் அணி முழுவதுக்கும் முன்னால்! அவர் என் கையைப் பிடித்து இழுத்து, தன் காலடியில் பஸ்ஸின் தரையில் இருத்தி, தலையை மடிக்குள் அமத்தினார். சீப்பு ஓடியது. டிக். “அம்மாடி, என்ன பருமன்!” டிக். “இஞ்சை ஒரு குடும்பம்.” பெண்கள் கீச்சிட்டுக்கொண்டு காலைத் தூக்கி ஆசனத்தின்மேல் வைத்தார்கள். தன் கழுத்துப்பட்டியில் பேன் நடத்தியவளான எங்கள் அணித்தலைவியே, “ஐயோ, எனக்குப் பக்கத்திலை எல்லோ இருந்தவள்!” என்று கத்தினாள். எனக்கு முகம் எரிந்தது. இவர் என் குஞ்சம்மாவா? என்னை அழவைத்துக் கேட்டதெல்லாம் இதற்குத்தானா? பின்னிய பின்னல் போயிற்று, மானம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய சேலைக் கரையைப் பார்த்தபடி இருந்தேன். நடுவில் பஸ் ஒருதரம் நின்றது. காவலரணில் நின்ற கடற்படைக்காரன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, எங்களை இறக்காமலே போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் குஞ்சம்மா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கக்கூடியதாகக் கேட்டார்.

“அங்கை இருட்டாக் கிடக்கோ?”

“ஓம்.”

“ஏன்?”

“நீங்கள் மேலை அமத்திப் பிடிச்சிருக்கிறியள், வேறை என்ன!”

“ம். அதுதான்” என்றார். சற்று நேரத்தில் கையை எடுத்து, தலையை நிமிர்த்தி, பின்னலைப் பழையபடி பின்னிவிட்டார். வெளியே வேலணைப் பனைகள் ஓடிக்கொண்டிருந்தன. தாம்போதி பின்னால் போய்விட்டிருந்தது. வயிற்றுக்குத்து எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் விளையாடியதைப்போல அதற்கு முதலும் விளையாடவில்லை, பிறகும் விளையாடவில்லை. எல்லாம் கோபம். குஞ்சம்மாவின் முகத்தை நினைத்து நினைத்துப் பந்தை எறிந்தேன், ஒவ்வொன்றும் வளையத்துக்குள் விழுந்தது. நாங்கள் வென்றோம். அணித்தலைவி பேன் கதையை மறந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தலையோடு தலை முட்டிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் விடவில்லை.

திரும்பி வரும்போது குஞ்சம்மாவோடு கோபம் என்பதைக் காட்டுவதற்காகவே வேண்டுமென்று யன்னலோரம் இருந்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். ஆகவே தாம்போதி முழுவதையும் பார்க்கவேண்டியதாகிவிட்டது. பின்னேர வெயிலில் தண்ணீருக்குக் கீழே மணலும் சிப்பியும் பளிச்சென்று தெரிந்தன. தெருவோரத்தில் ஒரு கொக்கு நின்றது, தண்ணீர் அதன் முழங்காலுக்குக்கூட வரவில்லை. எனக்கு யாரோ என்னை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்கு வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோபத்தோடு போய் வாங்கில் இருந்தேன். சீப்பு ஓடியது. “சுகமாப் போச்சு. இனி வரத் தேவையில்லை” என்றார். எனக்கு ஏனோ கவலையாக இருந்தது. அதன் பிறகும் எத்தனையோ முறை தாம்போதி தாண்டிப் போட்டிக்கும் பட்டணத்துக்கும் போய்வந்தேன். பேன் அறையில் வேறு பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள். வீட்டில் அப்பா சீனிக் கதையைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். சிரிப்புத் தொடங்கியதும் நான் குசினிக்குள் போகிறதும் நடந்துகொண்டேயிருந்தது. முன்னைப்போல நோகவில்லை, பழக்கத்தில் கால் தானாகப் போனது.

எனக்குக் கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்று, என் மாமனார் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி கொஞ்சம் காணாதுபோல என்றார். அம்மா தலையில் கை வைத்தார். அப்பா எழும்பிவிட்டார். காற்றடித்தது, சைக்கிள் சாய்ந்தது, கடல் இனித்தது. “முதல் மூட்டையைத் தூக்கினன்!” எல்லாரும் சிரித்தார்கள். நான் எழும்பப் பார்த்தேன். மாமியார் என் கையைத் தன் மடியில் வைத்து வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், எழும்ப முடியவில்லை. அப்பா சிரிப்பு அடங்குமட்டும் நின்றார். பிறகு கதிரையில் இருந்து, நடிப்பில்லாத குரலில் சொன்னார்.

“வேறை என்ன செய்யிறது? மூட்டை பிள்ளைக்கு மேலை எல்லோ கிடந்தது. அம்பது கிலோ. தண்ணி குடிச்சு இன்னும் பாரம். எப்பிடித் தூக்கினனெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை. அதுக்குப் பிறகு ஒரு மூட்டையைக்கூட நான் தனியத் தூக்கினதில்லை.”

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கையையும் விரித்து, அவை யாருடையவோ என்பதுபோல ஒருதரம் பார்த்தார். எங்கள் ஆட்கள் யாரும் வியக்கவில்லை. அம்மா பலகாரத் தட்டை எடுத்துக் கொடுத்தார், கதை அங்கேதான் முடிவதென்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. எதிரே இருந்த குஞ்சம்மா மட்டும் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வயதில் மத்தியானக் கடல் இருட்டாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மேலே மூட்டை கிடந்தது தெரியாது.